மஞ்ச பத்தி கேளுங்க: ஈரோட்டு விவசாயி பதில்கள்

கேள்வி: அண்ணா, விரலி, கிழங்குன்னு ரெண்டு விக்கிறாங்களே, சமையலுக்கு எத வாங்கறது?

ரெண்டும் ஒரே செடியில வர்றதுதாங்க. நடுவுல உருண்டையா இருக்கறது கிழங்கு, அதுல இருந்து கிளைச்சு வர்றது விரலி. பொடிக்கு விரலிய வாங்கி மில்லுல குடுத்து அரைச்சுக்கோங்க. வாங்கும்போது ஒண்ண உடைச்சு பாருங்க, டக்குனு சத்தத்தோட உடையணும், உள்ள ஆரஞ்சு கலந்த மஞ்சளா இருக்கணும், வளைஞ்சா சரியா காயலன்னு அர்த்தம். அளவுக்கு மீறி பளபளன்னு கண்ணப் பறிக்கற கலர்ல இருந்தா தயவுசெஞ்சு வாங்காதீங்க, லெட் குரோமேட் பூசி கலர் ஏத்தற ஆளுங்க இருக்காங்க, அதுல இருக்கற ஈயம் குழந்தைங்க மூளையவே பாதிக்கும்.

கேள்வி: தோண்டின மஞ்சள அப்படியே காய வெச்சா ஆகாதா, எதுக்கு வேக வைக்கிறாங்க?

வேக வெச்சாதான் கலர் உள்ள முழுக்க ஒரே சீரா பரவும், சீக்கிரமும் காயும். நுரை கட்டி வாசம் கெளம்பும், குச்சிய குத்துனா சுலபமா எறங்கும், அதான் பதம். அப்புறம் களத்துல பத்து பதினஞ்சு நாள் வெயில், அதுக்கு மேல பாலிஷ். ஒம்பது மாசம் பாடுபட்டு 100 கிலோ பச்ச மஞ்ச எடுத்தா, காஞ்சு கைக்கு வர்றது சுமாரா 20 கிலோதான். 2019ல ஈரோடு மஞ்சளுக்கு புவிசார் குறியீடு கெடச்சப்ப எங்க ஊர்க்காரங்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

கேள்வி: அமெரிக்காவுல மஞ்சளுக்கு பேட்டன்ட் வாங்கினாங்களாமே, நெசமா?

நெசந்தான். மஞ்ச புண்ண ஆத்தும்னு சொல்லி மிசிசிப்பி யுனிவர்சிட்டி மெடிக்கல் சென்டர் 1995ல வாங்குச்சு. நம்ம பாட்டிங்க காலங்காலமா அடிபட்ட எடத்துல மஞ்சளக் கொழச்சு போட்டதுதானே அது! நம்ம மத்திய அரசோட அறிவியல் ஆராய்ச்சி அமைப்பு சி.எஸ்.ஐ.ஆர். விடல, பழைய சமஸ்கிருத நூல், 1953ல இந்திய மெடிக்கல் ஜர்னல்ல வந்த கட்டுரைன்னு ஆதாரத்த எடுத்து நீட்டி அமெரிக்க பேட்டன்ட் ஆபீஸ்ல மறுபரிசீலனை கேட்டாங்க, 1997ல பேட்டன்ட் ரத்தாச்சு. அப்ப சி.எஸ்.ஐ.ஆர். தலைவரா இருந்த மாஷேல்கர் ஐயா தலைமையில நடந்த அந்த சண்டைய பள்ளிக்கூடத்துல பாடமா வைக்கணும்.

கேள்வி: வெள்ள சட்டைல மஞ்ச கற, சோப்பு போட்டா செகப்பாயிடுச்சுக்கா! ஐயோ!

தங்கச்சி, நான் அண்ணன்மா. பயப்படாத, சோப்புல இருக்கற காரம் பட்டா மஞ்ச செவக்கும், ஆரத்தி தண்ணில சுண்ணாம்பு கலந்தா செவக்கறதும் அதனாலதான். நல்லா அலசிட்டு உச்சி வெயில்ல காய போடு, மஞ்சக் கற வெயிலுக்கு வெளுத்துரும்.

கேள்வி: கஸ்தூரி மஞ்சள சாம்பார்ல போடலாமா?

வேண்டாங்க, அது வேற செடி. முகத்துக்கு பூசறதோட சரி.

கேள்வி: அப்பாவுக்கு முட்டி வலி, குர்குமின் கேப்ஸ்யூல் வாங்கி குடுக்கட்டுமா?

கொழம்புலயும் பால்லயும் போடற மஞ்சளுக்கு பயப்பட வேண்டாம். கேப்ஸ்யூல் கத வேற, அதுல மஞ்சள்ல இருக்கற குர்குமின்ங்கற சத்து பல மடங்கு அதிகம், ஒடம்பு அத இழுக்கணும்னு மிளகுச் சத்தையும் சேர்க்கறாங்க, அத சாப்பிட்டு கல்லீரல் பாதிச்சவங்க இருக்காங்க. அப்பா ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிட்டா இன்னும் உஷாரா இருக்கணும், டாக்டர்கிட்ட காட்டிட்டு அப்புறம் வாங்குங்க.