வேட்டை: வாசகர் கேள்வி – பதில்
மான் இருக்கிறது, கண்ணில்தான் படவில்லை

(அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் மான் வேட்டைக்கு முதன்முறையாகக் குலுக்கலில் அனுமதி கிடைத்த வாசகர்கள் பலர் ஒரே குறையைச் சொல்லி எழுதியிருக்கிறார்கள். அவற்றில் சில.)

கேள்வி: டூசானுக்குத் தெற்கேயுள்ள மலையில் கூஸ் மான் தேடி நாள் முழுக்க நடந்தேன். புதுத் தடமும் புழுக்கையும் கிடக்கின்றன, மானைக் காணோம். அதே மலையில் உட்கார்ந்திருந்த ஒருவர் ஒரே காலையில் ஏழு மான் பார்த்தாராம். என் பார்வையில் கோளாறா?

பதில்: கோளாறு கண்ணில் இல்லை, காலில் இருக்கிறது. கூஸ் மான் என்பது வெள்ளைவால் மானின் சிறிய வகை. வளர்ந்த கிடாவே 45 கிலோ அளவுதான். தோள் உயரம் சுமார் இரண்டரை அடி. சாம்பல் நிறம். அசையாமல் நின்றால் காய்ந்த புல்லோடு புல்லாகிவிடும். நீங்கள் நடக்கும்போது அது உங்களை அரை கிலோமீட்டருக்கு அப்பாலேயே பார்த்துவிட்டு, மறுபக்கமாக நழுவியிருக்கும். நீங்கள் கண்ட புதுத் தடங்களில் சில அப்படிப் பதிந்தவையாகவே இருக்கலாம்.

முதலில் உயரத்தைச் சரிபாருங்கள். சகுவாரோ கள்ளிகள் நிற்கும் தாழ்வான சமவெளியில் கிடைப்பது பெரும்பாலும் மியூல் மான் என்னும் வேறு, பெரிய இனம். கூஸ் மானுக்கு 4,000 அடிக்கு மேல், ஓக் மரங்கள் சிதறி நிற்கும் புல்சரிவுகள்தான் இடம்.

விடிவதற்கு அரை மணி நேரம் முன்பே எதிர்ச்சரிவு நன்றாகத் தெரியும் ஓரிடத்தில் உட்கார்ந்துவிடுங்கள். மலைமுகட்டில் வேண்டாம், வானத்தின் பின்னணியில் உங்கள் உருவம் வெட்டித் தெரியும். முகட்டுக்குக் கொஞ்சம் கீழே, முதுகுக்குப் பின்னால் புதரோ பாறையோ இருக்கட்டும். சூரியன் உங்களுக்குப் பின்னால் எழுந்தால் நல்லது. பைனாகுலரை முக்காலியில் பூட்டுங்கள். இந்த ஒன்றைத்தான் புதியவர்கள் வீண் சுமை என்று வீட்டில் வைத்துவிட்டு வருகிறார்கள். கையில் பிடித்தால் படம் நடுங்கும்; நடுங்கும் படத்தில் ஒரு காதின் அசைவை யாராலும் பிரித்தறிய முடியாது.

பிறகு சரிவைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் பாருங்கள். 10x42 பைனாகுலரில் (பத்து மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மி.மீ.) ஒரு கிலோமீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 110 மீட்டர் அகலம் தெரியும். 800 மீட்டர் அகலமும் 300 மீட்டர் உயரமும் உள்ள சரிவை, ஒரு கட்டம் அடுத்ததன் மேல் மூன்றில் ஒரு பங்கு விழும்படி பார்த்தால் சுமார் 45 கட்டங்கள் வரும். ஒவ்வொன்றிலும் பைனாகுலரை அசைக்காமல் 20 முதல் 30 விநாடி நிறுத்தி, கண்ணை மட்டும் ஓட்டுங்கள். ஒரு சுற்றுக்கு 15 முதல் 22 நிமிடம் ஆகும். ஒன்றும் தெரியாவிட்டால் எழுந்து போகாதீர்கள், மறுபடி முதல் கட்டத்திலிருந்து ஆரம்பியுங்கள். முதல் சுற்றில் படுத்திருந்த மான் மூன்றாம் சுற்றில் எழுந்து நிற்கும்.

முழு மானைத் தேடினால் கிடைக்காது. செடிகொடிகள் எல்லாம் செங்குத்தாக நிற்கும் இடத்தில் படுக்கையாகத் தெரியும் ஒரு கோடு முதுகாக இருக்கலாம். கறுப்பாக மின்னும் மூக்கு, கழுத்துக்குக் கீழே வெள்ளைத் திட்டு, ஒரு கணம் புரண்ட காது, இவைதான் பிடி. ஒரு மான் தெரிந்ததும் மகிழ்ச்சியில் அதையே பார்த்துக்கொண்டிருக்காமல் சுற்றியுள்ள புதர்களையும் அலசுங்கள். தனியாக மேய்வது குறைவு.

கேள்வி: என்னிடம் 10x42 இருக்கிறது. 15x56 வாங்கினால்தான் முடியும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: முதல் பருவத்துக்கு வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல முக்காலியும், மெதுவாக, தடங்கலின்றித் திரும்பும் தலைப்பாகமும் வாங்குங்கள். பெரும்பாலான பைனாகுலர்களில் இரு குழாய்களுக்கும் நடுவே, முன்பக்கக் கீலில் ஒரு மூடி இருக்கும். திருகி எடுத்தால் உள்ளே மரை தெரியும். முக்காலி இணைப்பான் அதில்தான் ஏறும்.

இருக்கிற பைனாகுலரையும் சரிப்படுத்துங்கள். வலது வில்லையை மூடிக்கொண்டு, நடுத் திருகால் ஒரு தூரத்துக் கிளையை இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது வில்லையை மூடி, வலக்கண் குழாயில் இருக்கும் வளையத்தை மட்டும் திருப்பி அதே கிளையைத் தெளிவாக்குங்கள். இதைச் செய்யாதவர்களுக்கு அரை மணி நேரத்தில் தலைவலி வந்துவிடும், அப்புறம் தேடல் எங்கே?

துப்பாக்கியில் பொருத்திய தொலைநோக்கியால் மட்டும் தேடாதீர்கள். புதருக்குள் இருப்பது மனிதராக இருந்தால் குழல் அவரை நோக்கித்தான் நீட்டிக்கொண்டிருக்கும்.

கேள்வி: ஒன்பது மணிக்குமேல் மலையே காலியாகிவிடுகிறது. முகாமுக்குத் திரும்பிவிடலாமா?

பதில்: மலை காலியாவதில்லை, மான்கள் நிழலுக்குள் போய்ப் படுத்துவிடுகின்றன. வடக்கு பார்த்த சரிவுகளில் ஓக் மரத்தடி, பாறையடி, ஓடை வெட்டிய கரை, இவற்றைப் பாருங்கள். சூரியன் நகர நகர நிழலும் நகரும். படுத்திருந்த மான் மேல் வெயில் விழுந்ததும் எழுந்து, நாலடி தள்ளி மறுபடி படுக்கும். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் 11 மணி முதல் 1 மணிவரை நிழலின் ஓரத்தையே பார்த்திருக்க வேண்டும்.

தரை சூடேறியதும் தூரத்துக் காட்சி கானலில் நெளியும். உருப்பெருக்கம் கூடினால் நெளிவும் கூடும். அந்த நேரத்தில் தூரச் சரிவை விட்டுவிட்டு 300 முதல் 500 மீட்டருக்குள் இருக்கும் நிழல்களைத் தேடுங்கள். தண்ணீர் ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர், குறையவே கூடாது.

கேள்வி: தண்ணீர்த் தொட்டி பக்கம் கூடாரம் போட்டு, கேமரா கட்டி வைத்தால்?

பதில்: இரண்டுமே சிக்கல். விலங்குக்கும் கால்நடைக்கும் தண்ணீர் கிடைப்பதைத் தடுக்கும்படி, நீர்நிலையிலிருந்து கால் மைலுக்குள் முகாமிடுவது அரிசோனாவில் குற்றம். தானியங்கிக் கேமராவை வேட்டைக்குப் பயன்படுத்துவதும் 2022 ஜனவரி முதல் தடை.

கேள்வி: விடுமுறைக்குத் தமிழ்நாடு வருகிறேன். அங்கே பழகிப் பார்க்க வழியுண்டா?

பதில்: பைனாகுலருக்கு உண்டு, துப்பாக்கிக்கு இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இப்போது இங்கே பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமே கிடையாது. வல்லநாட்டு முள்காட்டில் வெளிமான் தேடுங்கள், மறைவுக்குள் உருவம் பிரித்தெடுக்கும் பயிற்சி இலவசம்.

கேள்வி: எதிர்ச்சரிவில் கிடாவைப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன். போய்ச் சேர்ந்தால் எந்த மரம் என்றே தெரியவில்லை.

பதில்: எல்லாருக்கும் நடப்பதுதான். பள்ளத்தில் இறங்கி ஏறினால் மலையின் முகமே மாறிவிடும். கிளம்புமுன் பைனாகுலரின் கண்வில்லையில் செல்பேசியை ஒட்டி ஒரு படம் எடுங்கள். வெறும் கண்ணுக்குத் தெரியும் அகலத்தில் இன்னொன்றும் எடுங்கள். மானுக்கு மேலே வானத்தைத் தொடும் பெரிய பாறை, கீழே பட்டுப்போன மரம் என்று அந்தப் பக்கத்திலிருந்தும் அடையாளம் தெரியக்கூடிய இரண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். தூரமானியில் அளந்த தூரத்தையும் எழுதுங்கள்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். அதிகாலையில் குளிர்காற்று சரிவில் கீழிறங்கும், வெயில் ஏறியதும் மேலேறும். பத்து மணிக்கு மானுக்குக் கீழிருந்து ஏறினால் உங்கள் வாடை உங்களுக்கு முன்பே போய்ச் சேரும். மேலே சுற்றிப் போய் இறங்குங்கள்; வழியெல்லாம் கொஞ்சம் டால்கம் பவுடரைத் தூவிக் காற்றின் திசையைப் பாருங்கள்.

இருவராகப் போனால் வேலை எளிது. ஒருவர் முக்காலியை விட்டு நகராமல் மானைக் கண்காணிக்கட்டும். கையசைவுகளுக்கு முன்கூட்டியே பொருள் பேசி வையுங்கள்: தொப்பியைத் தூக்கினால் மான் அங்கேயே இருக்கிறது, கையைப் பக்கவாட்டில் நீட்டினால் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது, இரு கையையும் தலைமேல் வைத்தால் ஓடிவிட்டது, திரும்பி வா.