டேப்பட் சத்தம்: லிஃப்டரைச் சோதிப்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: சார், காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று விநாடி டிக்டிக் சத்தம், அப்புறம் நின்றுவிடுகிறது. ஹைட்ராலிக் லிஃப்டர் போய்விட்டதா?

பதில்: இல்லை. லிஃப்டர் (டேப்பட்) என்பது கேமுக்கும் (வால்வைத் திறக்கும் சுழல் பாகம்) வால்வுக்கும் நடுவே இடைவெளி வராமல் ஆயில் பிரஷரால் பார்த்துக்கொள்ளும் சிறு உருளை. இரவில் அதிலிருந்து வடிந்த ஆயில் திரும்ப நிரம்பும் சத்தம் அது. கவலையில்லாமல் ஓட்டுங்கள்.

கேள்வி: சூடான பிறகும் சத்தம் அடங்கவில்லை. எந்த லிஃப்டர் என்று எப்படிப் பிடிப்பது?

பதில்: முதலில் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் குறைந்திருந்தால் பம்ப் காற்றை இழுக்கும். அதிகமாக இருந்தால் கிராங்க் ஷாஃப்ட் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். இரண்டிலும் லிஃப்டருக்குள் காற்று புகும். ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். தட்டுகிற சத்தம் அதனால்தான். அடுத்து கேஜ் மாட்டி ஆயில் பிரஷர் பாருங்கள். இவை இரண்டையும் பார்க்காமல் வால்வ் கவரைத் தொடாதீர்கள்.

ராக்கர் ஆர்ம் (வால்வை அமுக்கும் நெம்புகோல்) உள்ள இன்ஜின் என்றால், ஐடிலில் ஓடவிட்டு, ராக்கருக்கும் வால்வ் தண்டுக்கும் நடுவே ஃபீலர் கேஜின் (இடைவெளி அளக்கும் கருவி) மெல்லிய தகட்டை ஒவ்வொன்றாக நுழையுங்கள். எங்கே சத்தம் குறைகிறதோ, அங்கேதான் இடைவெளி.

கேம் ஷாஃப்ட் நேராக லிஃப்டர் மேல் உட்காரும் இன்ஜினில், சூடு ஆறுவதற்குள் நிறுத்தி, கேமின் மூக்கு (துருத்திய முனை) மேலே வரும்படி கிராங்கைத் திருப்பி, மரக்குச்சியால் லிஃப்டரை அமுக்குங்கள். நல்லது கல் மாதிரி நிற்கும். பொதுக்கென்று இறங்கினால் உள்ளே செக் வால்வ் (ஆயிலைத் திரும்ப விடாத ஒருவழி வால்வ்) பிடிக்கவில்லை. சில இன்ஜின்களில் 0.2 மி.மீ. தாண்டினாலே மாற்ற வேண்டும். உங்கள் மேனுவலைப் பாருங்கள்.

கேள்வி: ஆயிலில் கலக்கும் மருந்து ஊற்றலாமா?

பதில்: கசடு அடைத்திருந்தால் ஓரளவு உதவும். தேய்மானத்துக்கு உதவாது.

கேள்வி: இன்ஜினுக்குள் கழுவி ஃபிளஷ் பண்ணினால் சரியாகுமா?

பதில்: மேலே சொன்ன பதில்தான்.

கேள்வி: நான் 20டபிள்யூ-50 என்ற கெட்டி ஆயில் ஊற்றினேன், சத்தம் நின்றுவிட்டது. நீங்கள் எதற்குக் கழற்றச் சொல்கிறீர்கள்?

பதில்: நின்றிருக்கும், மறுக்கவில்லை. லிஃப்டருக்குள் நகரும் பிளஞ்சருக்கும் அதன் உடலுக்கும் நடுவே சில மைக்ரான் இடைவெளிதான். கெட்டி ஆயில் அதில் மெதுவாகக் கசியும். ஆனால் தேய்ந்தது தேய்ந்ததுதானே?

அதே நண்பர்: ஆறு மாதமாக ஓடுகிறதே?

பதில்: இப்படி அமைதியாக ஓடிய ஒரு இன்ஜினை நான் திறந்திருக்கிறேன். கேமின் ஒரு மூக்கு மழுங்கி வட்டமாகியிருந்தது. அந்த மூக்கு தொடும் லிஃப்டரின் அடிமுகத்தை நல்ல ஒன்றின் முகத்தோடு சேர்த்து வைத்தேன். நல்லவை இரண்டும் லேசாகக் குவிந்திருக்கும், ஒன்றன்மேல் ஒன்று ஆடும். இது ஆடவே இல்லை, நடுவில் குழி. குளிரில் கெட்டி ஆயில் மேலே ஏறவும் தாமதமாகும். முதலில் பிரஷர் பாருங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

கேள்வி: நானும் கெட்டி ஆயில் போடலாமா?

பதில்: டிப்ஸ்டிக், பிரஷர். அப்புறம் பேசலாம்.

கேள்வி: புது லிஃப்டர் போட்டாயிற்று. உடனே ஸ்டார்ட் செய்யலாமா?

பதில்: வேண்டாம்! ஆயில் நிரம்பிய புது லிஃப்டர் வால்வை முழுதாக மூடவிடாது, பிஸ்டனில் இடிக்கலாம். அரை மணி நேரம் விட்டு, கையால் கிராங்கை இரண்டு சுற்று சுற்றி, எங்கும் முட்டவில்லை என்று உறுதி செய்த பிறகே சாவியைத் திருப்புங்கள்.

கேள்வி: டீசல் இன்ஜெக்டர் தட்டுவது பற்றி?

பதில்: அது என் துறை இல்லை. பம்ப், இன்ஜெக்டர் வேலை செய்பவரிடம் காட்டுங்கள்.