காபிக்கொட்டை: வாங்கும் விலை, விற்கும் விலை – கேள்வி பதில்

(கீழே வரும் ரூபாய் எல்லாம் கணக்கு விளங்குவதற்காக. அன்றைய விலையை வைத்து நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.)

கீழக்கரையிலிருந்து: காக்கா, தாண்டிக்குடி பக்கம் அராபிகா பார்ச்மென்ட் 50 கிலோ மூட்டை 28,000 சொல்றாங்க. கிலோ 560 தானே, எடுக்கலாமா?

தம்பி, பார்ச்மென்ட் என்றால் பழச்சதை நீக்கி உள்தோலோடு காயவைத்த கொட்டை. அந்த 560 தோலோடு சேர்த்த விலை. உடைத்தால் 50 கிலோவில் சுமார் 40 கிலோ பச்சைக் கொட்டைதான் தேறும். அப்போதே கிலோ 700. அந்த நாற்பதிலும் பீபெர்ரி (பழத்துக்குள் ஒற்றையாய் விளைந்த உருண்டைக் கொட்டை), பொடிசு, உடைசல், கறுப்பு எல்லாம் கிடக்கும். ‘ஏ’ கிரேடு என்பது 6.65 மி.மீ. சல்லடையில் நிற்பது. மீதியை என்ன விலைக்குத் தள்ளுவோம் என்று தெரியாமல் மூட்டையாக எடுக்காதீங்க. ரொபஸ்டா செர்ரி (பழமாகவே காயவைத்தது) என்றால் 50 கிலோவுக்கு 26, 27 கிலோதான் தேறும். உடைப்புக்கூலி யார் தலையில் என்பதையும் முதலிலேயே பேசிடுங்க.

ராமேஸ்வரத்திலிருந்து: அண்ணே, பச்சைக் கொட்டை 900-க்கு எடுத்து, வறுத்து, வரி உட்பட 1,200-க்கு விக்கிறேன். கையில ஒண்ணும் நிக்கலையே?

எப்படி நிற்கும்? கிலோவுக்கு லாரி வாடகை 8. பொறுக்கித் தள்ளுவது 2 சதவீதம். மீடியம் வறுவலிலேயே 15 சதவீத எடை போய்விடும். கறுக்க வறுத்தால் 18, 20. 908-ஐ 0.98-ஆலும் 0.85-ஆலும் வகுத்தால் 1,090. கேஸ், கரண்ட், கூலி 60. கால் கிலோ வால்வு பை 18 வீதம் நாலுக்கு 72. அடக்கமே 1,222. பச்சைக் கொட்டைக்கு ஜிஎஸ்டி இல்லை, வறுத்ததற்கு 5 சதவீதம் உண்டு. அதைக் கழித்தால் உங்கள் 1,200-இல் மிஞ்சுவது 1,143. கிலோவுக்கு 79 ரூபாய் கைநட்டம்.

விற்கிற விலையில் 20 சதவீதம் லாபம் வேண்டுமென்றால் 1,222-ஐ 0.8-ஆல் வகுத்து, வரிக்கு முன் 1,528 போடணும். 1.2-ஆல் பெருக்கி 1,466 போடுவதில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். கடைகளுக்குப் போட்டு, அவர்களுக்கும் 25 சதவீதம் விட்டால், வரியோடு கால் கிலோ 535 வரும். அந்த விலை உங்கள் ஊரில் ஓடாது என்றால் மாற்ற வேண்டியது கொட்டையைத்தான்.

மண்டபத்திலிருந்து: மாதிரி அருமையா இருந்துச்சு. வந்த மூட்டையில கோணி வாடை. ஏமாத்திட்டாங்களா?

இருக்கலாம், உங்கள் குடோனும் காரணமாக இருக்கலாம். இறக்கும்போதே ஒவ்வொரு மூட்டையிலும் குத்தூசி போட்டு எடுத்து, ஈரமானியில் பாருங்க. 10 முதல் 12 சதவீதம் சரி. 13 காட்டினால், 11-இல் இருக்க வேண்டிய 60 கிலோ மூட்டையில் 1.35 கிலோ வெறும் தண்ணீர்; 900 வீதம் 1,215 ரூபாய். பிறகு 350 கிராமைத் தட்டில் பரப்பி, குறையுள்ள கொட்டைகளை எண்ணுங்க. ஸ்பெஷாலிட்டி, அதாவது உயர்தரம் என்று விலை கேட்கிறவர் கொட்டையில் முழுக்கறுப்பு, முழுப்புளிப்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஒப்புக்கொண்ட மாதிரியில் 300 கிராமை முத்திரை வைத்து எடுத்து வையுங்க, அதை வைத்துத்தான் பேச முடியும்.

ஐப்பசி, கார்த்திகையில் நம்ம கடற்கரைக் காற்றில் வெறும் சாக்கு ஈரத்தை உறிஞ்சும். உள்ளே காற்றுப் புகாத பை, தரையில் கட்டை, சுவருக்கு ஒரு அடி இடைவெளி. ஒன்றரை மாதச் சரக்குக்கு மேல் தேக்காதீங்க.

பாம்பனிலிருந்து: நியூயார்க்ல விலை இறங்கினா நமக்கும் இறங்குமா?

உடனே இறங்காது. நியூயார்க் சந்தையில் அராபிகாவுக்குப் பவுண்டுக்கு சென்ட் கணக்கு: 300 சென்ட் என்றால் கிலோ 6.61 டாலர். 2025 பிப்ரவரியில் அது 400-ஐத் தாண்டியது. நம்ம மலையில் அராபிகா பறிப்பு வருஷத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. ஆடியில் நீங்கள் வாங்குவது அப்போது விலை பேசிய சரக்கு. சுவைத்துப் பார்த்து நூற்றுக்குப் போடும் மதிப்பெண்ணில் 80-க்கு மேல் பெற்ற கொட்டைக்குத் தோட்டக்காரர் தனி விலையே வைப்பார்.

சாயல்குடியிலிருந்து: கருப்பட்டி காபிக்கு இந்தக் கொட்டை போடலாமாண்ணே?

வேண்டாம் தங்கச்சி. டம்ளருக்கு 12 கிராம், மேலே சொன்ன 1,528 வரியோடு கிலோ 1,604 என்றால் தூளே 19 ரூபாய். அராபிகாவின் பழவாசனையைக் கருப்பட்டி அமுக்கிவிடும். நல்ல ரொபஸ்டா பார்ச்மென்ட் கொட்டையைக் கொஞ்சம் கூடுதலாக வறுத்துப் போடுங்க. சிக்கரி சேர்த்துத் தூளைப் பையில் விற்றால் 49 சதவீதம்தான் எல்லை, அளவைப் பையில் அச்சிடணும்.