தீவகம் மூலையா? – கடிதமும் பதிலும்

வணக்கம். யாழ்ப்பாணத்தை அடுத்த தீவுக்கூட்டமான தீவகத்தில் இருக்கும் புங்குடுதீவு அம்மாவின் ஊர். நான் பிறந்தது கனடாவில். போன ஆவணியில் முதல்முறையாக அங்கே போனேன். பல வீடுகளுக்குக் கூரையே இல்லை. அம்மம்மாவின் வளவுக் கிணறு பற்றைக்குள் கிடக்கிறது. ஆறு ஒன்றுகூட இல்லாத இந்த மூலையில் எதற்காகக் குடியேறினார்கள்? நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் பாலம் போட்டால் தீவகம் மீளுமா?

– ஒரு வாசகர்

அன்புடையீர்,

‘மூலை’ என்ற சொல்லைத் தாண்டி என்னால் உடனே போக முடியவில்லை. தரையில் நின்று பார்த்தால்தான் அது மூலை. பாக்கு நீரிணையில் பாய் விரித்து வந்தவர்களுக்கு அதுதான் வாசல்.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பொலநறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு வைத்தது. தீவகத்தின் துறைமுகமான இன்றைய ஊர்காவற்றுறைக்கு அதில் ஊராத்துறை என்று பெயர். வெளிநாட்டு வணிகர் அங்கேதான் வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குக் காவல் கொடுக்க வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் கால்பங்கு அரசுக்கு, முக்கால்பங்கு உடையவருக்கு. மற்றச் சரக்கு என்றால் பாதிக்குப் பாதி. படைக்கு வேண்டிய விலங்குகள் என்பதால்தான் அந்தச் சலுகை என்று நினைக்கிறேன். கப்பல் உடைந்தால் பங்கு எப்படி என்று சட்டம் வைக்கும் அளவுக்கு அங்கே போக்குவரத்து இருந்திருக்கிறது! ஒல்லாந்தரும் இந்தத் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களையே வைத்தார்கள். நெடுந்தீவு டெல்ஃப்ட், காரைதீவு (இன்றைய காரைநகர்) ஆம்ஸ்டர்டாம், உங்கள் புங்குடுதீவு மிடில்பர்க்.

1905இல் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. சரக்கு மெல்ல மெல்லத் தரைவழிக்கு மாற, வாசல் பின்பக்கம் ஆனது. புங்குடுதீவாரும் காரைநகராரும் கொழும்பில் கடை போட்டது கெட்டித்தனம்தான், ஆனால் உழைக்கிற வயதுக்காரர்கள் ஊரில் குறைந்தார்கள். அப்புறம் போர். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகில் நடந்த கொலைகளை அங்குள்ளவர்கள் இன்னும் குரல் தாழ்த்தித்தான் சொல்கிறார்கள். 1990இல் பெரும்பாலான சனம் இடம்பெயர்ந்தது. நீங்கள் பார்த்த கூரையில்லா வீடுகள் அந்தக் காலத்தவை.

சரி, பாலம். புங்குடுதீவுக்கு வாணர் தாம்போதி என்ற கடல்மேல் சாலை எப்போதோ வந்துவிட்டது. பஸ் நேரே குறிகட்டுவான் படகுத்துறை வரை போகிறது. இருந்தும் அம்மம்மாவின் கிணறு பற்றைக்குள்தானே கிடக்கிறது? நெடுந்தீவாருக்கு இன்று வேண்டியது கடல் கொந்தளிக்கிற நாளிலும் நோயாளியைக் கொண்டுவரக்கூடிய நல்ல படகு.

அதைவிடப் பெரியது தண்ணீர். ஆறு இல்லை என்கிறீர்கள், உண்மைதான். ஐப்பசி தொடங்கிப் பெய்கிற மாரிமழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது. முன்னோர் துலாவால் அளவோடு அள்ளியது அந்தப் படையைத்தான். பெரிய மோட்டார் போட்டு இழுத்தால் கீழிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும், பிறகு கிணறு திரும்ப வருடங்கள் ஆகும். குளங்கள் தூர்ந்து கிடந்தால் மழைநீர் நிலத்துக்குள் இறங்காமல் கடலுக்கு ஓடிவிடும். நல்ல தண்ணீர் இல்லாத ஊரில் யார் திரும்பி வந்து வீட்டுக்குக் கூரை போடுவார்கள்?

அடுத்த முறையும் ஆவணியிலேயே போங்கள். நீர் வற்றிக் கிடக்கும் நேரம் அது. பற்றையை வெட்டி, ஊராரில் யாரையாவது பிடித்துக் கிணற்றைக் கலக்கி இறைப்பியுங்கள். ஊறிவருகிற தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். நன்னீரா உவரா என்று எனக்கும் எழுதுங்கள்.