வாசலைக் கிட்டிச்சேராதே: இச்சையடக்கம் பற்றிச் சில கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறேன். செல்போனில் ஆபாசக் காட்சிகளைப் பார்க்கக் கூடாது என்று ஜெபித்துவிட்டுத்தான் படுக்கிறேன். ஆனாலும் தோற்றுப்போகிறேன். என் ஜெபத்தில் குறையா?

பதில்: ஜெபத்தில் குறை இல்லை, தம்பி. ஜெபித்து முடித்தபின் செல்போனைத் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறீர்களே, குறை அங்கேதான். ஒழுக்கம் தவறிய பெண்ணைக் குறித்துத் தகப்பன் மகனை எச்சரிக்கும்போது, "உன் வழியை அவளுக்குத் தூரப்படுத்து, அவளுடைய வீட்டின் வாசலைக் கிட்டிச்சேராதே" என்கிறது நீதிமொழிகள் 5:8. வாசல்வரை போய் உன் மன உறுதியைச் சோதித்துப் பார் என்று அந்தத் தகப்பன் மகனுக்குச் சொல்லவில்லை. இரவில் செல்போனை அறைத்தோழரிடம் கொடுத்துவிடுங்கள். காலையில் எழுப்ப ஓர் அலாரம் கடிகாரம் போதும்.

கேள்வி: எஜமானின் மனைவி பாவத்துக்கு அழைத்தபோதும் இணங்காத யோசேப்பு விசேஷித்தவன். சாதாரணமான எங்களால் அப்படி இருக்க முடியுமா?

பதில்: அவன் நிலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 17 வயதில் வீட்டில் இருந்தவனைச் சொந்த அண்ணன்மாரே விற்றுவிட்டார்கள். எகிப்தில் அவனைத் தட்டிக்கேட்க ஆள் இல்லை. அவன் எஜமானான போத்திபாரின் மனைவி ஒருநாள் கேட்டுவிட்டு விடவில்லை; "நித்தம் நித்தம்" பேசினாள் என்கிறது ஆதியாகமம் 39:10. அதே வசனம் இன்னொன்றும் சொல்கிறது: அவளுடன் சயனிக்க மட்டுமல்ல, அவளுடனே இருக்கவும் அவன் சம்மதிக்கவில்லை. எனக்கு இந்தப் பகுதியிலேயே மிக முக்கியமாகத் தோன்றுவது இதுதான். வீட்டில் ஒருவரும் இல்லாத அந்த நாளில் வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினானே, அந்த ஓட்டத்துக்கு அவன் முன்பே பழகியிருந்தான். அவள் இருக்கும் இடத்தைத் தவிர்த்த நாட்களெல்லாம் அதற்கான பயிற்சி.

ஓடியதற்கு அவனுக்குக் கிடைத்தது பொய்ப் பழியும் சிறையும். ஒழுக்கமாக நடந்தால் உடனே ஆசீர்வாதம் என்று பிரசங்கிப்பவர்கள் அந்த அதிகாரத்தைக் கடைசிவரை வாசிக்க வேண்டும். ஆனால் அந்தச் சிறையிலும் கர்த்தர் யோசேப்போடே இருந்தார் என்றுதான் அது முடிகிறது.

கேள்வி: அலுவலகத்தில் மேலதிகாரி தவறான எண்ணத்தோடு நெருங்குகிறார். வீட்டிலோ என் உடையில்தான் குறை என்கிறார்கள். நான் பாவத்துக்குக் காரணமாகிறேனா?

பதில்: இல்லை அம்மா. மத்தேயு 5:28-இல் இயேசு குற்றத்தை இச்சையோடு பார்க்கிறவன்மேல் வைத்தார், பார்க்கப்படுகிறவள்மேல் அல்ல. தாவீதின் மகன் அம்னோன் தன் சகோதரி தாமாரைப் பலவந்தம்பண்ணிய கதையிலும் (2 சாமுவேல் 13) வேதம் அவள்மேல் ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை. உங்களுக்கு நடப்பது சோதனை அல்ல, துன்புறுத்தல். இந்தியாவில் 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். எழுத்தில் புகார் கொடுங்கள். இதைப் பொறுத்துக்கொள்வது விசுவாசம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கேள்வி: நான் மணமானவன். உடன் வேலை செய்யும் பெண்ணோடு மனம்விட்டுப் பேசுகிறேன். தவறாக எதுவும் நடக்கவில்லை. இதிலும் ஆபத்து உண்டா?

பதில்: தாவீது ராஜா உப்பரிகையிலிருந்து, குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பார்த்தான், பிறகு அவள் யார் என்று ஆள் அனுப்பி விசாரித்தான். தன் படைவீரனான "உரியாவின் மனைவி" என்று பதில் வந்தது. திரும்பிவிட அதைவிடத் தெளிவான வாய்ப்பு வேண்டுமா? அதன் பிறகும் ஆள் அனுப்பி அழைத்துவரச் செய்தான். கடைசியில் அதை மறைக்க அவன் செய்த ஏற்பாட்டில் உரியாவின் உயிரே போயிற்று. நீங்கள் உங்களையே ஒன்று கேளுங்கள்: அந்தப் பெண்ணுக்கு அனுப்பும் செய்திகளை மனைவி பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தால் கூசுமா? கூசும் என்றால் வேலை விஷயத்தோடு பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள். இன்றைக்கே.

கேள்வி: எத்தனையோ முறை அறிக்கையிட்டுவிட்டேன். மறுபடியும் விழுகிறேன். தேவன் என்னை வெறுத்துவிட்டாரா?

பதில்: இல்லை. நீதிமான் ஏழுதரம் விழுந்தாலும் திரும்பவும் எழுந்திருப்பான் என்று நீதிமொழிகள் 24:16 சொல்கிறது. விழுகிறவனையும் அது நீதிமான் என்றே அழைக்கிறது. ஆனால் தனியாகப் போராடியது போதும். வாலிப இச்சைகளுக்கு விலகியோடு என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய பவுல், சுத்த இருதயத்தோடே கர்த்தரைத் தொழுதுகொள்ளுகிறவர்களுடனே சேர்ந்து நீதியை நாடு என்றும் எழுதினார் (2 தீமோத்தேயு 2:22). சபையில் வயதில் மூத்த, வாய் காக்கிற ஒருவரைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஆண் என்றால் ஆணிடம், பெண் என்றால் பெண்ணிடம். விழுந்த பிறகு சொல்வதோடு நிற்காமல், மனம் தடுமாறும் அந்த நேரத்திலேயே அவரைக் கூப்பிடலாமா என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.