கண் அயர்ந்தவர் ஒருவர், பதில் சொல்ல வேண்டியவர் எவர்?

சேலம் வட்டாரத்து லாரி உரிமையாளர்களும் ஓட்டுநர்களும் விபத்தில் உறவினரை இழந்தோரும் கேட்ட கேள்விகளுக்கு, சேலத்தில் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞர் ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி (லாரி உரிமையாளர், சங்ககிரி): என் ஓட்டுநர் விடியற்காலையில் கண் அசந்து, முன்னால் சென்ற காரின் மீது மோதிவிட்டார். வீட்டில் இருந்த என்னையும் எதிர்மனுதாரராகச் சேர்த்திருக்கிறார்கள். இது என்ன நியாயம், ஐயா?

பதில்: பணியாள் வேலையின் போக்கில் செய்யும் பிழைக்கு முதலாளி பொறுப்பு என்பது பழைய கோட்பாடு, நீங்கள் வண்டியில் இருந்தீர்களா என்பதை அது கேட்பதில்லை. காப்பீடு நடப்பில் இருந்தால் தொகையைச் செலுத்த வேண்டியது காப்பீட்டு நிறுவனமே. உரிமம் இல்லாதது, பர்மிட்டுக்கு மாறாக ஓட்டியது என்று நிறுவனம் எழுப்பக்கூடிய தடைகளை மோட்டார் வாகனச் சட்டத்தின் 150ஆவது பிரிவு வரையறுத்திருக்கிறது. ஓட்டுநரின் களைப்பு அவற்றுள் இல்லை.

ஆனால் அவர் எத்தனை மணி நேரமாக ஓட்டிக்கொண்டிருந்தார் என்பதை நீங்கள் எழுதவில்லை. அதே சட்டத்தின் 91ஆவது பிரிவு, ஓட்டுநரின் வேலை நேரத்துக்கு 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தை அளவுகோலாக வைத்தது. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த அந்தச் சட்டப்படி நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது வரம்பாக இருந்தது. அனுமதி பெற்ற நெடுந்தொலைவு வழித்தடங்களில் 10 மணி நேரமும் 54 மணி நேரமும் வரை போக முடிந்தது. 5 மணி நேர வேலைக்குப் பிறகு அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டியிருந்தது. இதைவிட நம் ஊரில் குறைவாகப் பேசப்படுவது 183ஆவது பிரிவு. வேக வரம்பை மீறாமல் முடிக்க இயலாத பயணத்தை 'இத்தனை மணிக்குள் முடி' என்று ஒருவர் பணித்திருந்தால், அந்தப் பணிப்பே அவர் குற்றம் புரிந்ததற்கு முதல்நிலைச் சான்றாகும் என்கிறது அது. 'காலை ஆறு மணிக்கு லீ பஜாரில் வண்டி நிற்கணும்' என்று நாம் சாதாரணமாகச் சொல்வதை இதோடு பொருத்திப் பாருங்கள். தேசிய பர்மிட் லாரிக்கு இரண்டு ஓட்டுநர்கள் வேண்டும் என்ற விதியை 2018இல் தளர்த்தியதை நான் இன்றளவும் தவறென்றே கருதுகிறேன். டபுள் டிரைவர் படி மிச்சமானது, தூக்கம் மிச்சமாகவில்லை.

கேள்வி (ஓமலூர்): தொப்பூர் கணவாய்ப் பகுதியில் லாரி மோதி என் தந்தை இறந்தார். நாய் குறுக்கே வந்ததாக ஓட்டுநர் சொல்கிறார். அவர் தூங்கியதை எப்படி மெய்ப்பிப்பது?

பதில்: 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி' என்ற வாசகம் எல்லா முதல் தகவல் அறிக்கைகளிலும் இருக்கும், அதை வைத்துக்கொண்டு தூக்கத்தை நிறுவ முடியாது. முதலில், விபத்து நடந்த இடத்தைப் பார்த்துக் காவல்துறை எழுதிய பார்வை மகஜரையும் மாதிரி வரைபடத்தையும் வாங்கிப் படியுங்கள். நாயைக் கண்டவர் பிரேக்கை மிதித்திருப்பார், அல்லது ஸ்டியரிங்கை ஒடித்திருப்பார். டயர் தேய்ந்த தடமோ திரும்பிய தடமோ இல்லாமல் வண்டி நேர்கோட்டில் வந்து மோதியிருந்தால், அது எதையுமே காணாத கண்ணின் அடையாளம். 60 கிலோமீட்டர் வேகத்தில் 3 நொடி கண் மூடினால் வண்டி 50 மீட்டர் கடந்துவிடும்.

அடுத்ததாக, ஃபாஸ்டேக் பதிவுகளையும் ஜிபிஎஸ் கருவியின் தரவையும் சரக்குக்கான மின்னணுச் சீட்டான ஈவே பில்லையும் அழைப்பாணை மூலம் தருவிக்கும்படி, இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யுங்கள். நான் நடத்திய ஒரு வழக்கில், வெங்காய லோடுடன் மகாராஷ்டிரத்திலிருந்து இறங்கிய லாரி கடந்த ஒவ்வொரு சுங்கச்சாவடியின் நேரத்தையும் ஒரே தாளில் வரிசையாக எழுதினோம். இரண்டு சாவடிகளுக்கு இடையே ஓடிய நேரத்தைக் கழித்தபோது, ஏறத்தாழ ஒன்றேகால் நாளில் வண்டி நின்றது மொத்தம் மூன்று மணி நேரம்கூட இல்லை. மோதிய நேரம் அதிகாலை நாலு மணி பத்து நிமிடம். அந்தத் தாளைக் கையில் கொடுத்து, 'எங்கே தூங்கினீர்கள்?' என்று குறுக்கு விசாரணையில் கேட்டதற்கு ஓட்டுநர் பதில் சொல்லவில்லை. தீர்ப்பாயத்தில் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டியதில்லை, எது நடந்திருக்கக் கூடுதல் வாய்ப்பு என்று காட்டினால் போதும். மனுவைத் தள்ளிப்போடாதீர்கள், 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மோட்டார் வாகனச் சட்டத்தின் 166(3) பிரிவு 6 மாதக் கெடு விதிக்கிறது.

கேள்வி (லாரி ஓட்டுநர், கொண்டலாம்பட்டி): தூக்கம் என்னை மீறி வருகிறது. அது எப்படிக் குற்றமாகும்?

பதில்: தூங்கியதற்காகத் தண்டனை இல்லை, தம்பி, தூக்கம் வருவது தெரிந்தும் ஓட்டியதற்காகத்தான். அடுத்தடுத்துக் கொட்டாவி வருவதும், கடைசியாகக் கடந்த ஊர் நினைவில் இல்லாததும், ஓரக்கோட்டில் சக்கரம் ஏறுவதும் முன்னறிவிப்புகள். உயிரிழப்பு நேர்ந்தால், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவின்கீழ் 5 ஆண்டு வரை சிறை விதிக்கலாம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் அது 2 ஆண்டாக இருந்தது.

கேள்வி (ஏற்காடு): சில்வர் ஓக் மரம் ஏற்றிய லாரி கொண்டை ஊசி வளைவில் என் ஸ்கூட்டரை இடித்தது. பிரேக் பிடிக்கவில்லை என்கிறார்கள்.

பதில்: பிரேக் பழுது என்று சொல்பவர்தான், வண்டி முறையாகப் பராமரிக்கப்பட்டதையும் பழுது முன்கூட்டி அறிய முடியாதது என்பதையும் காட்ட வேண்டும். களைத்த கால் கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும், அது பழுதல்ல. மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையைக் கேட்டுப் பெறுங்கள்.

கேள்வி (மகுடஞ்சாவடி): என் கணவர் ஓட்டிய லாரி புளியமரத்தில் மோதி அவர் இறந்தார். தப்பு அவருடையது என்பதால் எங்களுக்கு ஒன்றும் கிடைக்காது என்கிறார்கள்.

பதில்: அப்படி இல்லை, அம்மா. பிறர் பிழையைக் காட்டிக் கேட்கும் 166ஆவது பிரிவு உங்களுக்குப் பொருந்தாது என்பது மட்டுமே உண்மை. பணியின்போது இறந்த ஊழியரின் குடும்பத்துக்கு 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் வகுத்த வழியில், அவரது கவனக்குறைவு தடையாகாது. மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். வயது 40 என்றால் காரணி 184.17, உச்சவரம்பான 15,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு அது 13,81,275 ரூபாய் ஆகும். அவர் அங்கே சம்பளத்துக்கு ஓட்டினார் என்பதற்குப் படி கொடுத்த சீட்டு, ஜிபே பதிவு, டிரிப் ஷீட் எது கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி (ஓட்டுநர், சீலநாயக்கன்பட்டி): நிறுத்தித் தூங்கினால் படிப்பணத்தில் பிடிக்கிறார்கள். நான் என்ன செய்ய முடியும்?

பதில்: லாரி நிறுத்துமிடத்திலோ பெட்ரோல் பங்க்கிலோ ஒதுங்குங்கள், விளக்கில்லாமல் சாலையோரத்தில் நிறுத்தினால், பின்னால் வந்து மோதுபவரின் வழக்கில் நீங்களும் சிக்குவீர்கள். ஒதுங்கியதும் உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் 'தூக்கம் வருகிறது, வண்டியை நிறுத்தியிருக்கிறேன்' என்று எழுதி அனுப்புங்கள். 'இல்லை, கிளம்பு' என்று பதில் வந்தால் அதை அழிக்காதீர்கள்.