பாக்ஸிங் தற்காப்புக் கலையா, தெருச் சண்டையில் கைகொடுக்குமா?

கராத்தே, சிலம்பம் வரிசையில் பாக்ஸிங்கையும் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சேர்க்கலாம். வெள்ளை உடையும் கலர் பெல்ட்டும் இல்லாததால் அது வெறும் விளையாட்டு ஆகிவிடாது. தொடக்கத்தில் அதில் மல்யுத்தமும் கலந்திருந்தது: 1743-இல் இங்கிலாந்தில் குத்துச்சண்டை வீரர் ஜாக் பிராட்டன் வகுத்த விதிகளின்படி, எதிராளியை இடுப்புக்கு மேலே பிடித்துச் சாய்க்கவும் முடிந்தது. மல்யுத்தத்தை விலக்கி, கையுறையைக் கொண்டுவந்தவை 1867-இல் வெளியான குவீன்ஸ்பெர்ரி விதிகள்தான்.

தற்காப்புக்கு பாக்ஸிங்கின் பெரிய பலமே ஸ்பாரிங், அதாவது இன்னொருவருடன் நிஜமாக மோதிப் பழகும் பயிற்சி. நிஜமாகவே அடிக்க வருபவன் முன்னால் கண்ணை மூடாமல் நிற்கவும், அரை அடி பின்வாங்கி அடியைத் தவறவிடவும் உடம்பு பழகிவிடும். காற்றில் குத்திக் குத்தி இது வராது.

ஆனால் தெருவில் கையுறை கிடையாது. 1988-இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் சக குத்துச்சண்டை வீரர் மிட்ச் கிரீனுடன் தெருவில் மோதிய மைக் டைசனுக்கே வலது கை எலும்பு முறிந்தது! மண்டை ஓடு அவ்வளவு கெட்டி. சுண்டுவிரல் பக்க எலும்போ மெல்லிசு. அதனால் உள்ளங்கை அடிப்பகுதியால் அடிக்கவும் பழகுங்கள். கட்டிப்பிடித்துக் கீழே தள்ளினால் என்ன செய்வது என்பதை பாக்ஸிங் சொல்லித்தராது. அதற்குக் கொஞ்சம் ஜூடோ வேண்டும். கத்தி எடுத்தால் ஓட்டம்தான், வேறு பேச்சே இல்லை.